முதுகு

தறியிலிருந்து ஒரு சேலை இறங்கினால் அப்பா முதலில் அதைப் புரட்டிப் போடுவார். முந்தானையில் அன்னம் எப்படி விழுந்திருக்கிறது, கரையில் மயில் சக்கரம் எப்படி வந்திருக்கிறது என்பதெல்லாம் பிறகு. பின்பக்கம்தான் அவருக்குக் கணக்கு. கரையும் உடலும் சேரும் கோர்வை வரிசையில் விரல் நகத்தை வைத்து ஒரு முழம் ஓட்டுவார். எங்காவது நகம் தட்டினால் அங்கே இழை சரியாகப் பூட்டவில்லை என்று பொருள். "முன்னால பார்த்தா எல்லாம் நல்லாத்தான்டா இருக்கும்" என்பார். சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. விவரம் தெரிந்த ஜவுளிக்காரரும் அப்படித்தான் பார்ப்பார்.

நான் நெசவுக்குப் போகவில்லை. ஓவியம் படித்தேன், வரைந்தேன். பிறகு மண்ணுக்குப் போனேன். இருபது வருஷத்துக்கு மேலாக மண்ணில் மனித உருவம் செய்து சூளையில் சுடுகிறேன். தூரிகையை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறவர்களிடம், எங்கள் அப்பா சேலையைப் புரட்டிப் பார்ப்பதைத்தான் சொல்கிறேன்.

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நெய்கிறவர் தனியாளாகச் சமாளிக்க முடியாது. பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பும் வந்த பிறகும் எங்கள் வீட்டில் அந்தப் பையன் நான். எங்கள் குழித்தறி வாசலுக்கு முதுகைக் காட்டி இருந்தது. கால்கள் குழிக்குள் போய்விடும். வாசலில் நுழைகிறவருக்கு அப்பா என்றால் ஒரு முதுகுதான். பனியன் போடாத, வேர்வை வழிகிற, பலகை அடிக்கும்போது அசைகிற முதுகு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து "அப்பா" என்று கூப்பிட்டால், அந்த முதுகுதான் "ம்" என்று பதில் சொல்லும்.

வரைய வந்ததும் தறி வழியாகத்தான். எங்கள் ஊரில் சேலை டிசைனை கிராஃப் தாளில் போடுவார்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இழை. எந்தக் கட்டத்தை நிரப்புகிறோமோ அந்த இழை மேலே எழும்பும். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு, கோர்த்து, பெட்டியில் ஏற்றுவார்கள். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டைத்தான் எங்கள் பக்கத்தில் பெட்டி என்போம். பதினான்கு வயதில் ஒரு டிசைன்காரரிடம் கட்டம் நிரப்பப் போனேன். யாளியின் வாலை நாற்பது கட்டத்துக்குள் சுருட்டுவது எப்படி என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வளைவு என்று ஒன்று கிடையாது, படிக்கட்டுதான் உண்டு, தூரத்திலிருந்து பார்க்கும்போது கண் அதை வளைவாக்கிக்கொள்ளும் என்பதை அங்கே கற்றேன். ஆனால் கிராஃப் தாளுக்குப் பின்பக்கம் கிடையாது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் சென்னை கவின்கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவில் சேர்ந்தேன். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850ல் தொடங்கிய பள்ளி அது. அந்தக் காலத்தில் அங்கே மண்பாண்டம், ஓடு, உலோகம் என்று கைத்தொழில்கள்தான் முதன்மை. 1929ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்த பிறகு ஓவியமும் சிற்பமும் மேலே ஏறின. மெரினா கடற்கரையில் நான்கு பேர் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவரே இரண்டும் தெரிந்தவர். ஆனால் நான் போன காலத்தில் ஓவியக்காரன் ஒரு கட்டடம், சிற்பக்காரன் ஒரு கட்டடம், செராமிக் ஒரு மூலை. சூளை இருக்கும் பக்கம் நான் நாலு தடவை எட்டிப் பார்த்திருப்பேன். கப்பும் சாசரும் செய்கிற இடம் என்று நினைத்துவிட்டேன். அந்த வயதில் அப்படி நினைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் கதை காதில் விழுந்துகொண்டே இருந்தது. எஸ். தனபால் ஓவியம் படித்துச் சிற்பத்துக்குப் போனவர், அந்தக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தவர். அவருடைய 'ஒரு சிற்பியின் சுயசரிதை' தமிழில் கலைஞர்கள் எழுதிய நூல்களில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் ஒன்று. பி.வி. ஜானகிராமும் ஓவியத்திலிருந்து போனவர்தான். செம்புத் தகட்டை அடித்து, கம்பி வைத்துப் பற்றவைத்து அவர் செய்த உருவங்கள் முன்பக்கம் பார்ப்பதற்கானவை. கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசம் போல. அவை முன்னால் நின்று பார்க்கவே பிறந்தவை. அதுவே அவற்றின் கம்பீரம். ஆனால் ஒரு தடவை அப்படி ஒரு சிற்பத்தைச் சுற்றிப் போய்ப் பின்னால் பார்த்தபோது எனக்குள் ஏதோ உறுத்தியது. அது என்னவென்று புரிய இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.

படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பினேன். பிழைப்புக்கு கிராஃப், மனசுக்குக் கேன்வாஸ். தறிக்காரர்களைத்தான் வரைந்தேன். பாவு நீட்டும் பெண்கள், தெருவில் பாவை விரித்துக் கஞ்சி போடும் காலை நேரம், தார் சுற்றும் பாட்டி. சென்னையில் இரண்டு கண்காட்சியில் வைத்தார்கள். சில படங்கள் விற்றன. ஒரு நாள் அப்பாவின் படம் ஒன்றை முடித்து, வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்தேன். அப்பா வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினார். சட்டமும் ஆணியும் பழுப்புத் துணியும் தெரிந்தன. துணியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"பின்னால ஒண்ணும் இல்லையேடா?"

குறை சொல்லவில்லை. சேலையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். நான் ஏதோ விளக்கம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். வாசலிலிருந்து அவருடைய முதுகு தெரிந்தது. இருபது வருஷமாகப் பார்த்த முதுகு. அதை நான் ஒரு தடவைகூட வரைந்ததில்லை.

வரைந்து பார்த்தேன். முதுகை வரைந்தால் அது ஒரு முதுகின் முகம் ஆகிவிடுகிறது. பார்க்கிறவன் அங்கேயே நின்றுவிடுகிறான். சுற்றிப் போக வழியில்லை.

அந்த வருஷம் புரட்டாசிக்கு முன்னால் பொம்மைக்காரத் தெருவில் ஒரு வீட்டில் வண்ணம் அடிக்க ஆள் தேடினார்கள். காஞ்சிபுரத்துக் கொலு பொம்மை வெளியூரிலும் பெயர் பெற்றது. மண்ணிலும் செய்வார்கள், காகிதக் கூழிலும் செய்வார்கள். வரதர் கருட சேவை செட்டுக்கு எங்கள் ஊரில் தனி மவுசு. ஆடி முதலே வேலை சூடு பிடித்துவிடும். நான் புடவைக் கரையும் திருமண்ணும் போடப் போனேன். கண் திறக்கிற வேலையை அந்த வீட்டு அம்மா யாருக்கும் கொடுக்கமாட்டார். மற்றதெல்லாம் முடிந்த பிறகு, குளித்துவிட்டு வந்து அவரே திறப்பார்.

அங்கேதான் அச்சைப் பார்த்தேன். ஒரு பொம்மைக்கு இரண்டு அச்சு: முன் அச்சு, பின் அச்சு. மண்ணைத் தட்டி ரொட்டி போலாக்கி இரண்டிலும் அழுத்துவார்கள். ஓரத்தில் மண் குழம்பைத் தடவி ஒன்றோடொன்று பொருத்துவார்கள். கொஞ்சம் இறுகியதும் அச்சு கழன்றுவிடும். விலாவில் ஒரு கோடு நிற்கும். அந்தப் பொருத்தைச் சுரண்டித் தண்ணீர்த் துணியால் தேய்த்தால் மறையும். முன் அச்சில் நகை, மடிப்பு, விரல் நகம் எல்லாம் இருக்கும். பின் அச்சில் ஒரு மேடு மட்டும். கொலுப்படியில் சுவரைப் பார்த்து நிற்கப் போகிற பக்கத்துக்கு எதற்கு வேலை என்பது நியாயம்தான். ஆனால் அந்த வீட்டில் பரணில் பழைய சுடுமண் அச்சு சில கிடந்தன. எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். அவற்றின் பின் அச்சில் பின்னல் இருந்தது. பின்னலில் குஞ்சலம் இருந்தது. இடுப்பில் செருகிய கொசுவம் இருந்தது. யாரோ ஒருவர், யாரும் பார்க்காத பக்கத்துக்கு உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார். அன்று சாயங்காலம் ஒரு கை மண் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

எங்கள் ஊரில் ஓவியமும் சிற்பமும் இரண்டு வேலை என்று யாரும் பிரித்ததில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். கைலாசநாதர் கோயிலைச் சுற்றி 58 சிறு சன்னதிகள் உண்டு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டியது. கல் மணற்கல். அதன்மேல் சுண்ணாம்புக் காரை. காரைமேல் வண்ணம். பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931ல் அங்கே பல்லவ ஓவியத்தின் எச்சத்தைக் கண்டார். ஒரு சன்னதியின் உள்சுவரில் சோமாஸ்கந்தரின் கோடு இன்றும் மிஞ்சியிருக்கிறது. மாணவனாக இருந்தபோது அந்தக் கோட்டை நகலெடுக்க நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். மண்ணைத் தொட்ட பிறகு போனபோது, ஓவியமும் சிலையும் ஒரே சுவரில், ஒரே காரையில் இருப்பது கண்ணில் பட்டது. உளி வைத்தவர் விட்ட இடத்தில் காரைக்காரர் தொடங்கியிருக்கிறார். அவர் விட்ட இடத்தில் தூரிகை தொடங்கியிருக்கிறது. பெரிய காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாளும் அப்படித்தான். 35 அடி உயரச் சுதை உருவம், வண்ணத்தோடு நிற்கிறது. ஓவியக்காரன் சிற்பத்துக்கு 'மாறினான்' என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் நின்று பார்த்தால் அந்தச் சொல் பொருந்தவில்லை.

ஒரு கை மண்ணில் தொடங்கினாலும் மண் வேலை எனக்கு வந்தது பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு குயவரிடம். பெரியவருக்கு அப்போது எழுபது வயது இருக்கும். பானை, அகல், பொங்கல் அடுப்பு, ஊர் எல்லைச் சாமிக்குக் குதிரை எல்லாம் செய்வார். நான் கொண்டுபோன உருவத்தைப் பார்த்தார். கெட்டியாக, உள்ளே இடமே இல்லாமல் பிசைந்து செய்த ஒரு பெண் உருவம். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"உள்ள கூடு இல்லையே தம்பி. இது சுடறதுக்கு ஆவாது."

அதுதான் முதல் பாடம். கல்லில் செதுக்குகிறவர் வெளியிலிருந்து உள்ளே போகிறார். ஓவியக்காரன் மேற்பரப்போடு நின்றுவிடுகிறான். சுடுமண் உருவம் வெற்றிடத்தைச் சுற்றிக் கட்டுவது. மண்ணைத் திரித்துக் கயிறாக்கி, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாகத் தட்டி ஏற்ற வேண்டும். சுவர் விரல் கனம்தான் இருக்கலாம். வயிறு புடைக்க வேண்டுமானால் உள்ளேயிருந்து தள்ள வேண்டும். முழங்கை மடங்கும் இடத்தில் வெளியிலிருந்து அமுக்க வேண்டும். அய்யனார் குதிரையைப் பெரியவர் கட்டும்போது பார்த்தேன். முதலில் நான்கு கால்கள், நான்கு குழாய். அவை இறுகி எடை தாங்கும் அளவுக்கு வந்த பிறகுதான் வயிறு. வயிறு இறுகிய பிறகு கழுத்து. ஒரே நாளில் ஏற்றினால் தன் எடையைத் தானே தாங்காமல் குந்திவிடும். அவர் கட்டும்போது எனக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்த பெருங்கற்கால ஈமப்பேழை நினைவுக்கு வந்தது. எங்கள் வட்டாரத்துப் புதைகுழிகளில் கிடைக்கும் வகை. சுடுமண் தொட்டி, அடியில் வரிசையாகக் கால்கள். பெரிய மண் உருவம் எடையை எப்படிப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் அத்தனை நூற்றாண்டுக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள்.

மண்ணைத் தயார் செய்வதே பாதி வேலை. ஏரி மண்ணை வெட்டி வந்து வெயிலில் காயப்போட்டு, உடைத்து, தண்ணீரில் ஊறவைத்து, கரைத்து, சல்லடையில் வடித்து, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, சாக்கின்மேல் பரப்பி, பிறகு காலால் மிதிக்க வேண்டும். உருவத்துக்கான மண்ணில் மணலும் உமியும் சேர்ப்போம். மணல் சேர்ந்தால் மண் குறைவாகச் சுருங்கும். உமி சூளையில் எரிந்து போய் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும்; அந்தத் துளை வழியாக நீராவி வெளியேறும். எவ்வளவு சேர்த்தாலும் எங்கள் மண் காய்ந்து சுட்டு முடியும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஒரு முழ உருவம் வேண்டுமென்றால் ஒரு முழத்துக்கு மேல் செய்ய வேண்டும். கட்டம் எண்ணிப் பழகிய எனக்கு இந்தக் கணக்கு சுலபமாக வந்தது. மிதிக்கிற வேலைதான் வரவில்லை. முதல் மாதம் முழங்கால் வீங்கிப் போய்விட்டது.

முதல் சூளையில் என் உருவங்கள் ஐந்து. நான்கு வெடித்தன.

ராத்திரி தீ மூட்டி ஒரு மணி நேரம் இருக்கும். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பெரியவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் பேசாமல் விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணித்தார். காலையில் ஆறிய சூளையைப் பிரித்தபோது என் உருவங்களின் ஓடுகள் அவருடைய அகல்களின்மேல் சிதறிக் கிடந்தன. அவருடைய சரக்கிலும் இருபது முப்பது உடைந்திருந்தன. நான் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. ஒரு ஓட்டை எடுத்துக் காட்டினார்.

"இங்க பாரு, கனம். தோலு காஞ்சா காஞ்சதா அர்த்தமா? உள்ள ஈரம் இருந்தா அது எங்க போவும்?"

பிறகு காய்ந்துகொண்டிருந்த பானை ஒன்றை எடுத்து என் கன்னத்தில் வைத்தார். சில்லென்றிருந்தது. வெயிலில் கிடந்த இன்னொன்றை வைத்தார். சில்லிப்பு இல்லை. முதல் பானையில் ஈரம் இருக்கிறது. கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும். இன்றுவரை எந்த உருவத்தையும் கன்னத்தில் வைத்துப் பார்க்காமல் நான் சூளையில் ஏற்றியதில்லை. என்னிடம் இப்போது வெப்பமானி இருக்கிறது. 100 டிகிரி தாண்டும்வரை மிக மெதுவாகப் போக வேண்டும், தண்ணீர் ஆவியாகும் நேரம் அது. 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும், அங்கேயும் அவசரப்படக்கூடாது. 900க்கு மேல் போனால் எங்கள் மண் கணீரென்று ஒலிக்கும். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது. பெரியவர் துளை வழியாகப் பார்த்து, உள்ளே கோவைப்பழ நிறம் வந்தாயிற்றா என்று மட்டும் கேட்பார். இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

வண்ணத்தை விட்டுவிட எனக்கு மனசே வரவில்லை. முதல் இரண்டு வருஷம் சுட்ட உருவத்தின்மேல் அக்ரிலிக் அடித்தேன். மண்ணில் செய்த ஓவியமாகவே அவை இருந்தன. நிழலைக்கூட வண்ணத்தில் போட்டேன். கன்னத்துக்குக் கீழே கொஞ்சம் கருஞ்சிவப்பு, கண்குழியில் கொஞ்சம் நீலம். ஒரு நாள் வண்ணம் அடிக்காத உருவம் ஒன்று ஜன்னலோரம் இருந்தது. காலை வெயிலில் அதன் இடது கன்னம் இருண்டிருந்தது. சாயங்காலம் வலது கன்னம். நான் தூரிகையால் பிடித்து நிறுத்திய நிழல் அங்கே தானாக நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு வண்ணம் அடிப்பதை நிறுத்தினேன். நிறம் வேண்டுமென்றால் சுடுவதற்கு முன் காவியையோ வெள்ளைச் சீனக்களிமண்ணையோ குழம்பாக்கிப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறேன். கறுப்பு வேண்டுமென்றால் காற்றை அடைத்துவிட்டால் போதும். நம் பழைய கறுப்பு-சிவப்புப் பானைகளைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள். காற்று படாத வாய்ப்பகுதி கறுத்தது, காற்று பட்ட அடிப்பகுதி சிவந்தது. என் உருவங்களின் தலைமுடியை மரத்தூளில் புதைத்து அதே முறையில் கறுக்க வைக்கிறேன். எங்கே கறுப்பு நின்று சிவப்பு தொடங்க வேண்டும் என்பதை நெருப்பு தீர்மானிக்கிறது. அதற்கு நான் இடம் கொடுத்துவிட்டேன்.

புதுச்சேரிக்கும் போய்வந்தேன். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியால்தான் இந்தப் பக்கத்தில் உயர்வெப்பச் செராமிக் வேரூன்றியது. 1,200 டிகிரிக்கு மேல் போகும் சூளை, மேலே கண்ணாடி போல உருகும் பூச்சு. அழகில் மனம் போயிற்று. ஆனால் அந்த மண் என் ஏரியில் கிடைக்காது. அதே புதுச்சேரியில் வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கே வி.கே. முனுசாமி வெறும் களிமண்ணை வைத்துச் செய்த வேலைக்கு 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில், செங்கல் சூட்டிலேயே நின்றுவிட்டோமே என்று எனக்குள் இருந்த தயக்கம் போயிற்று. கே.ஜி. சுப்பிரமணியன் 1971 வங்கதேசப் போருக்குப் பிறகு செய்த சுடுமண் புடைப்புகளும் செங்கல் நிறத்தில்தான் இருக்கின்றன. ஓவியராக அறியப்பட்டவர், மண் தகட்டைத் துணி போல மடித்து, கிள்ளி, தளபதிகளையும் பிணங்களையும் செய்திருக்கிறார். துணி மடிப்பு எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் அந்தப் படங்களை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஹிம்மத் ஷாவின் சுடுமண் தலைகளும் அப்படி. அவரும் ஓவியத்திலிருந்து வந்தவர்தான்.

அப்பாவின் முதுகைச் செய்ய ஆரம்பித்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. குழித்தறியில் உட்கார்ந்த உருவம். கால் இல்லை, குழிக்குள் போய்விட்டது. முகம் குனிந்திருக்கிறது, பார்க்க வேண்டுமானால் நாமும் குனிய வேண்டும். முதுகுதான் உருவத்தின் வாசல். இடுப்பிலிருந்து வளையம் வளையமாக ஏற்றினேன். தண்டுவடத்தை மேலே ஒட்டவில்லை. உள்ளே கையை விட்டு ஒவ்வோர் எலும்பு மேட்டையும் கட்டைவிரலால் வெளியே தள்ளினேன். விலா எலும்புக்கு வெளியிலிருந்து பள்ளம். தோள்பட்டை எலும்புக்குத் தனியாகத் தகடு தட்டி, கீறி, குழம்பு தடவிப் பொருத்தினேன். பதினேழு நாள் வேலை. ஈரச் சாக்கு போட்டு மூடி, ஒரு மாதம் நிழலில் காயவைத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சூளை நன்றாக வந்தது. விரிசல் இல்லை.

அப்பாவுக்கு அப்போது தறி ஓட்ட முடியவில்லை, கண் மங்கியிருந்தது. உருவத்தின் முன்னால் உட்காரவைத்தேன். அவர் எழுந்து பின்னால் போனார். நகத்தை வைத்துத் தண்டுவடத்தில் மேலிருந்து கீழே ஓட்டினார். கோர்வையை ஓட்டுவது போலவே.

"ரெண்டு தோளும் ஒண்ணா இருக்கு" என்றார். "தறியில உக்காந்தவனுக்கு அப்படி இருக்காதுடா. மிதி மிதிக்கிற கால் பக்கம் இடுப்பு இறங்கும். அந்தப் பக்கத்துத் தோள் கூடவே போகும். இது சும்மா உக்காந்திருக்கிற ஆளு."

சுட்ட மண்ணைத் திருத்த முடியாது. மறுபடியும் தொடங்கினேன். இரண்டாவது உருவத்தில் இடுப்பை ஒரு விரற்கடை இறக்கினேன். அவ்வளவுதான் மாற்றம். உருவம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அந்த முதுகைப் பார்த்தால், குழிக்குள் இருக்கும் கால் இப்போது எந்த மிதியில் இருக்கிறது என்று தெரியும். முதல் உருவத்தை விற்றேன். இரண்டாவது என்னிடமே இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு அடிக்கடி போவேன். பஞ்சபூதத் தலங்களில் எங்கள் ஊர் மண்ணுக்குரியது. மூலவர் மண் லிங்கம். அதனால் லிங்கத்துக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, ஆவுடையாருக்குத்தான். சுடாத மண்ணில் தண்ணீர் பட்டால் கரையும் என்பது எந்தக் குயவருக்கும் தெரிந்த செய்தி. கோயில் முறையில் அது இத்தனை நூற்றாண்டாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. கம்பையாற்றில் வெள்ளம் வந்தபோது, தான் மணலில் பிடித்த லிங்கம் கரைந்துவிடுமே என்று அம்மன் இறுகத் தழுவிக்கொண்டாள், வளைத் தழும்பு பதிந்தது என்பது தல வரலாறு. சுவாமிக்குத் தழுவக் குழைந்த நாதர் என்று பெயர். குழைதல் என்ற சொல்லை நாங்கள் தினமும் சொல்கிறோம். மண் குழைந்ததா, இன்னும் குழையவில்லை, அதிகம் குழைந்துவிட்டது. கைபட்ட இடத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் பதம் அது. சன்னதியில் நிற்கும்போது அந்தப் பெயர் எனக்கு வேலைக்காரர் பெயர் போலவே கேட்கும்.

சில வருஷத்துக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து நெசவாளர் உருவம் ஒன்று கேட்டார்கள். வரவேற்பறைச் சுவரோரம் வைக்க. "பின்பக்கம் வேண்டாம், செலவு குறையுமே" என்றார்கள். நான் முழு உருவமாகவே செய்து கொடுத்தேன், அதே விலைக்கு. பணம் வர இரண்டு வருஷம் ஆயிற்று. அதைவிட வருத்தம், உருவத்தைச் சுவரோடு ஒட்டிச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். முதுகு உள்ளே போய்விட்டது. அங்கே அது இருக்கிறது என்று எனக்கும் அந்த மேஸ்திரிக்கும் மட்டும் தெரியும்.

பெரியவர் போய்விட்டார். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் சக்கரத்தில் உட்காருகிறார், மற்றவர்கள் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். பொம்மைக்காரத் தெருவில் இன்னும் ஆடியில் மண் மிதிக்கிறார்கள். பழைய சுடுமண் அச்சு வைத்திருந்த வீட்டில் அந்த அச்சுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்கள். நான் அவற்றில் இரண்டைப் பிளாஸ்டரில் நகலெடுத்துக் கொடுத்தேன். பின்னலும் குஞ்சலமும் வைத்த பின் அச்சில் இப்போது மறுபடியும் பொம்மை எடுக்கிறார்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. விலையும் கொஞ்சம் கூடத்தான் சொல்கிறார்கள்.

இந்தப் புரட்டாசியில் கொலுவுக்குப் பொம்மை வாங்கப் போனால், கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். அடியில் மண்ணின் நிறம் தெரிகிறதா, விலாவில் பொருத்துக் கோடு தேய்ந்திருக்கிறதா, முதுகில் ஒரு பின்னலோ ஒரு கொசுவமோ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைத்திருந்தால், பேரம் பேசாமல் அவர் சொல்லும் விலையைக் கொடுங்கள்.